படிக்காமல் அனுப்பிய பதில்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் துணிப்பை தைக்கும் யூனிட் நடத்துகிறேன். எங்களிடம் பை வாங்குபவர்களில் தெரேஸ் அம்மாவும் ஒருவர். பாரிசில் குடியேறிய புதுச்சேரிக்காரர். பேசினால் தமிழ், மெயில் எழுதினால் பிரெஞ்சு.

கம்ப்யூட்டர் பழகிய பிறகு, எந்த மெயிலுக்கும் உடனே பதில் போடுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. மெயிலுக்குக் கீழே கம்ப்யூட்டரே இரண்டு மூன்று பதில்களை எழுதிக் காட்டும். அதில் ஒன்றைத் தட்டிவிடுவேன். போன மாதம் தெரேஸ் அம்மாவின் மெயில் வந்தபோதும், வழக்கமான ஆர்டர்தான் என்று நினைத்து, படிக்காமலே தட்டினேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். "வீட்டுக்காரர் இறந்துட்டார், ஆர்டர் கொஞ்சம் தள்ளிப் போவும்னு எழுதினேன். 'ரொம்ப நல்லது, நன்றி'ன்னு பதில் போட்டிருக்கியே, ஏம்மா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான் படிக்கவே இல்லம்மா. மன்னிச்சிடுங்க" என்றேன்.

பிறகு, "சரி வுடு. அங்க மாதா கோயில்ல அவருக்கு ஒரு பூசை வைக்கச் சொல்றியா?" என்று கேட்டார்.

சரியென்றேன். பூசைக்குப் பெயர் சொல்ல வேண்டுமே. இத்தனை வருடப் பழக்கத்தில், அவர் கணவரின் பெயரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். அது இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்தத் தயார் பதில்கள் வராதபடி இப்போது நிறுத்திவிட்டேன். பிரெஞ்சு மெயிலைத் தமிழில் மாற்றி, கடைசி வரி வரை படிக்கிறேன். பதில் ஒருநாள் தாமதமானாலும் நானே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்ட பிறகுதான் வியாபாரப் பேச்சுக்கு வருகிறேன்.

– சரஸ்வதி, கருவடிக்குப்பம்