கிறுகச் சொன்னவரும் பந்து வைத்திருந்தவனும்

என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தாயிற்று. நகை செய்கிற பத்தரிடம் சொல்லியாயிற்று. மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் மட்டும் வீட்டுப் பக்கம் வருவதாக இல்லை. அவன் என் ஒரே தம்பி. அவனுக்கும் என் கணவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. காரணம் காணியோ சீதனமோ அல்ல, உதைபந்தாட்டம்.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பக்க வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு கிழக்குக் கரையில் இருக்கிற ஆரையம்பதிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காலையில் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார், மாலையில் ஊர்க் கழகத்துக்குப் பயிற்றுநர். தம்பிக்குப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை. விளையாட்டு இருக்கிற நாளில் லீவு எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான். நடுக்களம் அவனுடையது. எங்கள் அணியில் பந்து யாரிடம் போவதென்றாலும் முதலில் அவனுடைய காலைக் கேட்டுவிட்டுத்தான் போகும்.

சண்டை வந்த அந்த இறுதி ஆட்டத்துக்கு நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். போனது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நல்ல வெயில். பிள்ளை தொப்பியைக் கழற்றிக் கழற்றி எறிந்துகொண்டிருந்தாள். நான் குனிந்து தொப்பியை எடுத்து நிமிர்ந்தபோது தம்பியின் காலில் பந்து இருந்தது, என் கணவர் கோட்டோரமாக ஓடி ஓடி ஏதோ கத்திக்கொண்டிருந்தார், சனம் சிரித்தது. தம்பி நின்றான். பந்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே நடந்தான். மற்ற அணிக்காரன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய்க் கோல் அடித்தான். தம்பி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். தோற்றுப்போனோம். ஏன் போனாய் என்று கேட்டால் உன் மனிசனைக் கேள் என்றான் தம்பி, சொன்னதை அவன் கேட்கவில்லை என்றார் இவர்.

அதற்குப் பிறகு வீடு இரண்டு பட்டது. அம்மா மகன் பக்கம், அப்பா மருமகன் பக்கம். தலைமைப் பயிற்றுநர் பெரிதா, பந்தை நடத்துகிறவன் பெரிதா என்பதுதான் மூன்று வேளையும் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. களத்துக்குள் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்கிற ஆளைத்தான் தெரியும், கரையில் நிற்பவருக்கே முழுக் களமும் தெரியும் என்பது அப்பாவின் கட்சி. அம்மா மீன் ஆய்ந்தபடியே பதில் சொன்னார்.

"கரையில நிண்டு கோல் அடிச்ச ஆரையும் நான் இன்னும் காணல்ல."

எனக்கு இந்த வழக்கில் யார் வென்றாலும் ஒன்றுதான். பிள்ளையின் காது குத்துத்தான் என் கவலை. எங்கள் பகுதியில் பிள்ளை தாயின் குடியை, தாய்வழி வம்சத்தைச் சேர்ந்தது. தாய்மாமன் இருக்க இன்னொருவர் மடியில் வைத்துக் காது குத்தினால் ஊர் கேட்கும். ஊர் கேட்காவிட்டாலும் நாளைக்குப் படத்தைப் பார்த்து மகள் கேட்பாள். நாளைத் தள்ளி வைக்கலாமா என்றும் நினைத்தேன். ஏற்கெனவே பிள்ளைக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது என்று ஒருமுறை தள்ளியது. இன்னும் தள்ளினால் காது மடல் தடித்து அதிகம் நோகுமோ என்று இணையத்தில் தேடினேன். நோகும் என்றும் நோகாது என்றும் இருந்தது.

கடைசியில் கனடாவில் இருக்கிற பெரியம்மாவின் மகனை அழைத்தேன். இரண்டு பேரும் மதிக்கிற ஆள் அந்த அண்ணா. அவர் பார்ப்பது அமெரிக்கக்காரரின் உதைபந்தாட்டம். பந்து கையில்தான் இருக்கும், பெயர் மட்டும் காலுக்கு. அதிலும் இதே சண்டைதானாம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். அவரால் வென்றோமா, தலைமைப் பயிற்றுநரால் வென்றோமா என்று தொலைக்காட்சியில் கிழமை முழுக்க வாதாடுவார்களாம். ஒன்றாக இருந்து கிண்ணம் கிண்ணமாக வென்ற ஒரு சோடி பிரிந்ததையும் அண்ணா சொன்னார். எறிகிறவர் வேறு அணிக்குப் போய் அங்கேயும் கிண்ணம் எடுத்துவிட்டார். பயிற்றுநருக்கு அதற்குப் பிறகு அவ்வளவாகச் சரிவரவில்லை. இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லவில்லை. அம்மாவின் காதில் விழுந்தால் என் கணவர் சாப்பிட்ட மாதிரித்தான்.

அண்ணா அனுப்பிய சில காணொளிகளைப் பிள்ளையை நித்திரையாக்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு விடயம் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. எறிகிறவரின் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. பயிற்றுநர் பக்கத்திலிருந்து அதற்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் பந்து அசைவதற்குச் சற்று முன்பு அந்தக் குரல் தானாக அறுந்துவிடும். அதற்குப் பிறகு எறிகிறவர் தனியாள். அதைப் பார்த்துவிட்டு, நடக்கப் பழகும் என் பிள்ளைக்குப் பின்னால் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிவதை நினைத்து வெட்கப்பட்டேன். அடுத்த நாளும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டில் இதைப் பதமாக எடுத்தேன். அங்கே பயிற்றுநரின் குரல் ஒரு கட்டத்தில் நின்றுவிடுமாம், நீங்களும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாமே என்றேன். அவர் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், அங்க தலைக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு. எனக்கு இருக்கிறது இந்தத் தொண்டை மட்டும்தான். கிறுக்கு, கிறுக்கு எண்டு எத்தினை தரம் கத்தினனான். கேட்டவனோ உம்மட தம்பி?"

நான் கறிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"என்ன எண்டு கத்தினீங்க?"

"கிறுக்கு எண்டு. பின்னால ஆள் வருது, மற்றப் பக்கம் கிறுக்கு எண்டு. உங்கட ஊர்ப் பேச்சுத்தானே அது?"

எங்கள் ஊரில் திரும்பு என்பதற்குக் கிறுகு என்போம். இடப்பக்கம் கிறுகு, கிறுகிப் பார், அவ்வளவுதான். வந்த நாளிலிருந்து எங்கள் பேச்சை ஆசையாகப் பொறுக்கிச் சேர்த்தவர் என் கணவர். பொறுக்கியதில் ஒரு புள்ளி கூடிவிட்டது. ஊர் பார்த்திருக்க, இறுதி ஆட்டத்தில், மச்சானைப் பார்த்துப் பைத்தியம், பைத்தியம் என்று கத்தியிருக்கிறார். சனம் ஏன் சிரித்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் சொல்லிக் காட்டினேன். அவர் திருப்பிச் சொன்னார், கிறுக்கு. இன்னொரு முறை மெதுவாகச் சொன்னேன். நானும் அதைத்தானே சொல்கிறேன் என்றார். அடுப்படியிலிருந்து வந்த அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்விட்டார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மருமகனுக்கு மீன் தலை கிடைத்தது.

அன்றைக்கே தம்பியை அழைத்தேன். அவன் நம்பவில்லை. அக்கா தன் மனிசனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்று நினைத்தான்.

"ஊர் கேக்க என்னக் கிறுக்கன் எண்ட மனிசன் அக்கா. ஹோட்டல்ல வேல செய்யிற பொடியனெல்லாம் இப்ப என்ன அப்பிடித்தான் கூப்பிடுறானுகள்."

வேறு வழி தெரியாமல் போனைக் கணவரிடம் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் இன்னும் கெட்டுவிடுமோ என்று பயம் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாணவனுக்குத் தேற்றம் விளங்கப்படுத்துகிற குரலில் தொடங்கினார்.

"தம்பி, நான் உம்மைத் திரும்பச் சொன்னனான். அதை உங்கட பாஷையில சொன்னனான். கிறுக்கு எண்டு."

தம்பி இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னார். இன்னும் ஒருமுறை. சொன்னார். அதற்கு மேல் அவன் சிரிப்பு ஒலிபெருக்கி போடாமலே எனக்குக் கேட்டது. யாரையோ பக்கத்தில் கூப்பிட்டு, இங்கே வந்து கேள், இதுதான் அந்தக் கதை என்று சொல்வதும் கேட்டது.

"சரி மச்சான், வாறன். ஆனா கிறுகச் சொன்னது பிழைதான். அந்தப் பக்கம் ரெண்டு பேர் நிண்டவனுகள், உங்களுக்குத் தெரியல்ல."

என் கணவர் ஒருவர்தான் நின்றார் என்றார். போன் சூடாகும்வரை பேசினார்கள். நான் பறிக்கவில்லை.

காது குத்து அன்று தம்பி புதுச் சாரம், புதுச் சேட்டோடு நேரத்துக்கே வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். தலையை இப்படிப் பிடி, கையை அடக்கிப் பிடி, தாடையில் அழுத்தாதே என்று நான் ஒரு பக்கம், என் கணவர் இன்னொரு பக்கம். பத்தர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். மடியில் வைத்திருப்பவர் போதுமாம், மற்றவர்கள் வாசலுக்குப் போகலாமாம்.

போனோம். முதல் காது முடிந்தது. பிள்ளை வீரிட்டாள். எட்டிப் பார்த்தால் தம்பி அவளைவிட மோசமாக இருந்தான். களத்தில் யாருடைய முழங்காலுக்கும் பயப்படாதவன், வியர்த்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

"மச்சான், இஞ்ச வாங்க. என்னால பாக்க ஏலா. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் பிடிக்கிறன்."

என் கணவர் ஓடிப்போய் முன்னால் குந்தினார். கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், அப்படியே பிடி என்று சொல்லச் சொல்ல, தம்பி கண் திறக்காமல் பிள்ளையின் தலையைத் திருப்பினான். பத்தர் குத்தினார். முடிந்தது. நான் வாசலில் நின்று அழுதேன். சிரித்தேனோ தெரியாது.

தோடு இரண்டும் வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டாவது காதில் துளை ஒரு மயிரிழை கீழே. நான் பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நேரே வைத்து, சரித்து வைத்து, தினமும் பார்க்கிறேன். ஒருநாள் இருப்பது போலவும் மறுநாள் இல்லாதது போலவும் தெரிகிறது. பிழை பிடித்தவனுடையதா, சொன்னவருடையதா என்று மச்சான்மார் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இன்னும் வாதாடுகிறார்கள். பத்தரைக் கேட்டால் தீர்ந்துவிடும். இருவரும் கேட்கவில்லை. நானும் கேட்பதாக இல்லை. தம்பிக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போடுகிறேன்.