இரண்டு தளமும் சேரும் இடம்

மண் பரிசோதனை லேபில் எனக்கு அது மூன்றாவது வருடம். வீட்டு மனை, ரோடு, பாலம் என்று மண் பார்த்திருந்தேன். குதிரை ஓடும் தளத்தைப் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை.

1. படிவம்

காரைக்காலிலிருந்து பட்டினச்சேரி போகும் வழியில் ஒரு தனியார் குதிரைப் பயிற்சி மைதானம். ஓடுபாதை முழுக்க மண். மழையில் வழுக்கும், வெயிலில் கல்லாக இறுகும். வளைவில் குதிரைகள் சறுக்கியதால் அங்கே மட்டும் மண்ணை எடுத்துவிட்டு சிந்தெடிக் தளம் போட்டிருந்தார்கள். மணல், நார், மெழுகு கலந்த கலவை அது. பொங்கல் பந்தயத்துக்கு முன்னால் எங்கள் லேப் பாதுகாப்புச் சான்று தரவேண்டும்.

என் படிவத்தில் பதினோரு கட்டங்கள். ஈரப்பதம், இறுக்கம், மேல் அடுக்கின் ஆழம், எடை விழும்போது வரும் அதிர்வு, இப்படி. மண்ணுக்கு ஒரு படிவம், சிந்தெடிக்குக்கு ஒன்று. வெயிலில் மெழுகு இளகும் என்பதால் காலையிலும் மதியத்திலும் அளந்தேன். இரண்டு தளமும் பாஸ்.

2. சிட்டு

யூசுப் பாய் வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். குட்டியிலிருந்து வளர்த்த பெண் குதிரைக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார். பந்தயத்தில் அவரே ஓட்டுவதாக இருந்தது. நான் கருவிகளை வண்டியில் ஏற்றும்போது வந்து நின்றார்.

"எம்மா, வளைவு தொடங்குற எடத்துல இவ காதை மடக்கிக்கிறா. ஒரு எட்டு தயங்கித்தான் போறா. என்னன்னு பாருங்க."

என்னோடு வந்திருந்த எங்கள் சீனியர் இன்ஜினியர் முந்திக்கொண்டார். "புதுச் செருப்பு போட்டா நாமளும் ரெண்டு நாள் நொண்டுவோம் பாய். பழகிடும்."

"இவ லாடம் பழசுதான் சார்," என்றார் பாய்.

நான் அங்கே போய் நடந்து பார்த்தேன். என் காலுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் சொன்னதை எழுதப் படிவத்தில் கட்டமும் இல்லை. குதிரையின் பழக்கம் தளத்தின் அளவு ஆகாது என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

3. மறுநாள் காலை

சான்றை நேரில் கொடுக்கப் போயிருந்தேன். வேகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, சிட்டுவைப் பாய் ஓட்டினார். மண்ணில் குளம்பு ஊன்றும்போது கொஞ்சம் சறுக்கித்தான் நிற்கும். சிந்தெடிக்கில் சட்டென்று பிடித்து நிற்கும். முழு வேகத்தில் வரும் குதிரைக்கு மண் முடிந்து மற்றது தொடங்கும் அந்த ஒரு எட்டுதான் ஆபத்து. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று நான் பார்த்தது, வளைவின் தொடக்கத்தில் சிட்டு முகம் குப்புற விழுந்ததையும், பாய் வேலியோரம் போய் விழுந்ததையும்தான்.

பாய்க்குத் தோள்பட்டை விலகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துச் சிட்டுவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அதன் முன்னங்கால் எலும்பு பல துண்டாகியிருந்தது. இனி அது எழுந்து நிற்காது என்று கால்நடை டாக்டர் அவரிடம் மெதுவாகச் சொன்னார். அவர் தலையாட்டினார். ஊசி போட்டு அதன் மூச்சு அடங்கிய பிறகும் அதன் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொன்னதை எழுதுனீங்களாம்மா?"

"இல்ல பாய். அதுக்குக் கட்டம் இல்ல."

"ஓரத்துல எடம் இருந்திருக்குமே."

குரலில் கோபம் இல்லை.

4. அதன் பிறகு

அன்றே சான்றைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். ரெண்டும் பாஸ்தானே, நம்ம பேர்ல என்ன தப்பு என்று சீனியர் கேட்டார். சேரும் இடத்தை நாம் அளக்கவே இல்லை என்றேன். மறுநாள் இருவரும் போய் அளந்தோம். ஒரே அடியில் பிடிமானம் அவ்வளவு மாறியது. அவர் கருவியைத் துடைத்து வைத்தார். அந்தப் பொங்கலுக்குப் பந்தயம் நடக்கவில்லை. வளைவில் பழையபடி மண்ணையே நிரப்பினார்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், சிந்தெடிக்கா மண்ணா, எது பாதுகாப்பு என்று கேட்கிறார்கள். மண்ணை மழைக்குப் பிறகு அளக்கச் சொல்கிறேன். சிந்தெடிக்கை உச்சி வெயிலில் அளக்கச் சொல்கிறேன். இரண்டும் சேரும் இடம் இருந்தால் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படிவத்தில் இப்போது பதின்மூன்று கட்டங்கள். புதிதாகச் சேர்த்ததில் ஒன்று, தளங்கள் சேரும் இடம். இன்னொன்றைக் கடைசியில் வைக்க மனம் வரவில்லை, முதலில் வைத்தேன்: 'ஓட்டுபவர் சொன்னது'. அவருடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். அது காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை.