தட்டித் தூங்க வைத்த கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் வினோத்குமார் பொய் சொல்கிற ஆள் இல்லை. புதுச்சேரியில் பதினொரு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். இதைச் சொன்னது பட்டப்பகலில், கூட்டமாக இருந்த ஒரு டீக்கடையில். பிறகு அவர் மனைவி கலைவாணியிடமும் தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதிலும் ஐந்து நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை.

போன வருஷம் மே மாதம் அவர்கள் குருசுக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று பிய்த்துக்கொண்டு வரும். கலைவாணி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. குழந்தை இல்லை. வீட்டுக்காரர் தணிகாசலம் சாவியைக் கையில் கொடுத்ததோடு சரி, அந்தப் பக்கமே வரமாட்டார்.

ஜூன் மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, வினோத்குமாருக்குத் தூக்கம் போனது.

காரணம் ஒன்றும் இல்லை. கவலை இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்தார். பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது, நான்கு ஆனது. காலையில் பாங்கு கேட்டது. எழுந்து முகம் கழுவி வேனை எடுத்தார். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

யார் எதைச் சொன்னாலும் செய்தார். பாலில் ஜாதிக்காய் அரைத்துப் போட்டுக் குடித்தார். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். ராத்திரி எட்டு மணிக்கே போனை அணைத்து பீரோவில் பூட்டினார். கடற்கரைச் சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான்கு முறை நடந்தார். ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினார். ஒன்று வரைக்கும் வந்தார். மறுபடியும் ஆயிரத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை பிராந்திகூடக் குடித்துப் பார்த்தார். ஒரு மணிக்குத் தலைவலியோடு எழுந்ததுதான் மிச்சம்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் வேன் ஓட்டும்போது வந்தது.

ஜூலை 12, காலை 8:05. அஜந்தா சிக்னல் தாண்டி வேன் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள். வினோத்குமாரின் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவர் அங்கே இல்லை. முன் சீட்டில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், தூங்காதீங்க."

பிரேக்கை மிதித்தார். நடுச்சுவருக்கும் வேனுக்கும் ஒரு ஜாண்தான் இருந்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். கலைவாணிக்குப் போன் செய்தார்.

"கலை, ஒரே ஒரு ராத்திரி தூங்கினா போதும். யார் கால்ல வேணா வுழறேன். முடியல."

"மாத்திரைய நிறுத்துங்க. நாளைக்கு வேற டாக்டர் கிட்ட போலாம். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க."

அன்றும் அவளுக்கு நைட் டூட்டி. வினோத்குமார் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே கிடந்தார். சாமியிடம்கூட இல்லை. யாரிடம் என்று அவருக்கே தெரியாது. யாராவது என்னைத் தூங்க வையுங்கள்...

கடிகாரத்தில் 1:40.

முதுகில் ஒரு கை பட்டது.

தப்... தப்... தப்.

குழந்தையைத் தட்டுகிற மாதிரி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மறுபடியும் மூன்று. கலைவாணி சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று நினைத்தார். திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் நினைத்தார். அதற்குள் தூங்கிவிட்டார்.

காலை ஆறு மணிக்கு எழுந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பல் தேய்த்துவிட்டு வாசல் பக்கம் போனார்.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

போனை எடுத்தார்.

"நைட் வீட்டுக்கு வந்தியா?"

"டூட்டில கீறேன், எப்படி வர்றது? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. நல்லா தூங்கினேன். டாக்டர்லாம் வேணாம்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஏதோ கனவு என்று வைத்துக்கொண்டார். உண்மையில், அதைப் பற்றி யோசிக்க அவருக்குப் பயம். யோசித்தால் அது வராமல் போய்விடுமோ என்ற பயம்.

மறுநாள் ராத்திரி 1:10-க்கு வந்தது. அதற்கு மறுநாள் 12:20.

இப்போது அவருக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. அந்தக் கை குளிர்ந்திருந்தது. பனியன் வழியாகவே அந்தக் குளிர் தெரிந்தது. உள்ளங்கை படவில்லை, விரல்கள் மட்டும்தான் பட்டன. கட்டிலில் யாரும் உட்கார்ந்த பாரம் இல்லை. வளையல் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாளும் பார்க்கவில்லை.

"நீ யாரா இருந்தாலும் சரி, நிறுத்தாத" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கை நிற்கவில்லை.

நான்காம் நாள் அலாரம் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. எழுந்தபோது 6:50. ஐந்தாம் நாள் 7:25. போனில் இருபத்து மூன்று மிஸ்டு கால். எல்லாம் பிள்ளைகளின் அம்மாக்கள். ஆறாம் நாள் கீழ் வீட்டுக்காரர் மாடியேறி வந்து கதவை உடைக்கிற மாதிரி தட்டிய பிறகுதான் எழுந்தார். ஸ்கூலில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். தலையாட்டிவிட்டு வந்தார். எழுந்த பிறகும் கை கால் மரத்துப்போயிருந்தது. நாக்கு குழறியது. வேன் சாவியை இரண்டு முறை கீழே போட்டார்.

ஆனாலும் பொழுது சாய்ந்தால் போதும். வீட்டுக்குப் போக அவருக்குக் கால் பரபரத்தது.

ஜூலை 20. கலைவாணிக்கு அன்று லீவு. ராத்திரி 9:05-க்கே வினோத்குமார் போய்ப் படுத்தார். சமையலறையில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் கொட்டியது.

"தோசை ஊத்தட்டுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

தப்... தப்... தப்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வாய் திறந்தபடியே அவர் தூங்கிப்போனார்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி கலைவாணி பார்த்தது. பாதி, தூக்கத்துக்கு உள்ளே இருந்து அவர் கேட்டது.

கலைவாணி பத்தரைக்கு வந்து படுத்தாள். இத்தனை நாள் கழித்து மனுஷன் தூங்குகிறாரே என்று ஃபேனைக் குறைத்து வைத்தாள். 2:55-க்கு அவளுக்கு விழிப்பு வந்தது. ஏதோ சத்தம். துணியில் கை படுகிற சத்தம். அவர்தான் தூக்கத்தில் எதையோ தட்டுகிறார் என்று நினைத்தாள். கையை நீட்டி அவர் வலது கையைப் பிடித்தாள். தேடி இடது கையையும் பிடித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

போன் லைட்டைப் போட்டாள்.

அவர் குப்புறக் கிடந்தார். முதுகில் பனியன் மூன்று இடத்தில் பள்ளமாக அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது.

அங்கே யாரும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவள் நர்ஸ். கை தன்னால் நாடியைத் தேடியது. நிமிஷத்துக்கு முப்பத்து நான்கு. மூச்சை எண்ணினாள். நான்கு.

"ஏங்க... ஏங்க... எழுந்திருங்க!"

அந்தக் குரல் வினோத்குமாருக்குக் கேட்டது. எங்கேயோ மேலே, ரொம்ப தூரத்தில். அவர் ஆழமான தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. இருட்டு. குளிர்ச்சி. ஒரு வலியும் இல்லை. எழுந்திருக்க முடியும் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்தால் மறுபடி அந்த ராத்திரிகள்... அந்தக் கூரை... அந்த எண்ணிக்கை...

வேண்டாம்.

அப்போதுதான் முதல் முறையாக அது பேசியது. காதுக்குப் பக்கத்தில். ஆண் குரலா, பெண் குரலா, தெரியவில்லை.

"தூங்கு..."

தப்.

"தூங்கு..."

தப்.

மேலே அந்தக் குரல் தேய்ந்துகொண்டே போனது.

திடீரென்று நெஞ்சில் ஒரு வலி. கலைவாணி அவரைப் புரட்டிப் போட்டு, விரல் முட்டியை நெஞ்செலும்பில் வைத்து, தன் எடை முழுக்கக் கொடுத்துத் தேய்த்தாள். நினைவு தப்பிய நோயாளிகளுக்குச் செய்கிற வேலை. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது முறை அவர் அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

முதலில் அவர் கேட்டது இதுதான்.

"ஏன்டி எழுப்பின?"

அவள் ஓங்கி ஓர் அறை விட்டாள். அழுதாள். தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

"நடங்க. இப்பவே. எதுவும் எடுக்காதீங்க."

மணி 3:10.

அறை வாசல் வரைக்கும் போனார்கள்.

பின்னால் சத்தம்.

தப்... தப்... தப்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

காலிக் கட்டில். அவர் தலை வைத்திருந்த தலையணை.

அது அமுங்கியது.

எழுந்தது.

அமுங்கியது...

ஓடினார்கள். செருப்புகூட இல்லை. வாசல் ஆணியில் தொங்கிய சாவியை மட்டும் இழுத்துக்கொண்டு வேனில் ஏறி, கடற்கரைச் சாலை முனையில் நிறுத்தி, பிள்ளைகள் உட்காருகிற சின்ன சீட்டில் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டு விடியும்வரை இருந்தார்கள். அவர் கையை அவள் விடவே இல்லை. அவர் கண்ணை மூடினால் கிள்ளினாள்.

அந்த வாரமே முத்தியால்பேட்டையில் வேறு வீடு பார்த்தார்கள். சாமான்களைப் பகலில் ஆள் வைத்து இறக்கினார்கள். வினோத்குமார் மறுபடியும் மாடி ஏறவில்லை. தூக்கம் மெதுவாக வந்தது. முதலில் ஒரு மணி நேரம். பிறகு இரண்டு. இப்போது நான்கு மணி நேரம் தூங்குகிறார். அது போதும் என்கிறார். கலைவாணி நைட் டூட்டியை விட்டுவிட்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

டிசம்பர் மாதம் வேனில் யு.கே.ஜி. படிக்கிற ஒரு பெண் குழந்தை புதிதாகச் சேர்ந்தது. அம்மா பெயர் சுமலதா. ஒரு நாள் மத்தியானம் குழந்தையை இறக்கிவிடும்போது, முன்பு எங்கே குடியிருந்தீர்கள் என்று பேச்சு வந்தது. அவர் தெருவைச் சொன்னார். அவள் முகம் மாறியது.

"தணிகாசலம் வூட்டு மாடியா? உங்களுக்கு முன்னாடி நாங்கதான் இருந்தோம்."

வினோத்குமார் இன்ஜினை அணைத்தார்.

"எங்க வூட்டுக்காரர் இராமதாஸ். ஒரு மாசமா தூக்கம் இல்லாம பைத்தியம் மாதிரி சுத்தினு இருந்தாரு. அப்புறம் நல்லா தூங்க ஆரம்பிச்சாரு. ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். ஒரு நாள் காலைல எழுப்பினேன். உடம்பு சில்லுனு இருந்துது. முப்பத்தி ஆறு வயசு. தூக்கத்துலயே போய்ட்டாரு, நல்ல சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க."

குழந்தைக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு ராத்திரி யாரோ தட்டுற சத்தம் கேட்டுதுண்ணா. அவருதான் பாப்பாவ தட்டுறாருன்னு நெனச்சேன். கேக்க சுகமா இருந்துது. நானும் அப்படியே தூங்கிட்டேன்."

அன்றைக்கே வினோத்குமார் குருசுக்குப்பம் போனார். மாடியில் துணி காய்ந்தது. வேறு யாரோ குடிவந்திருந்தார்கள். கீழேயே நின்று கூப்பிட்டார். நாலைந்து முறை கூப்பிட்ட பிறகு ஒருவர் எட்டிப் பார்த்தார். மத்தியானம் இரண்டு மணி. கன்னத்தில் பாய்த் தடம். கண் பாதிதான் திறந்திருந்தது.

"இந்த வூட்ட விட்டு உடனே கெளம்புங்க சார். இது தூங்க வைக்கிற வீடு" என்றார் வினோத்குமார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் மெதுவாகச் சிரித்தார்.

"ரெண்டு மாசமா பொட்டுத் தூக்கம் இல்ல சார். இந்த வாரம்தான் தூங்குறேன். நல்லா இருக்கேன். போங்க."

கதவு மூடியது. எவ்வளவு கூப்பிட்டும் திறக்கவில்லை. வினோத்குமாருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் தானே இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

மூன்றாம் நாள், காலை 7:15. பிள்ளைகளோடு வேன் அந்தத் தெருமுனையைத் தாண்டியது. ஒரு மினி லாரி குறுக்கே நின்றது. சாமியானா கம்புகளையும் சிவப்பு பிளாஸ்டிக் சேர்களையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை.