கன்னியம்மாளின் மூன்று அரோகரா

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, 1997-ல் கன்னியம்மாள் ஒரு விறகடுப்பு பேக்கரி போட்டார். ஆசிரமப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அவருடைய கோதுமை ரொட்டி என்றால் உயிர். அடுப்புக்குள் கையை நீட்டி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று மூன்று முறை சொல்வார். மூன்றாவதில் கை சுட்டால் சூடு சரி. சுடாவிட்டால் இன்னும் விறகு.

பௌர்ணமி அன்று மட்டும் ரொட்டி கரிந்தது. கன்னியம்மாள் விறகைத் திட்டினார், மாவைத் திட்டினார், கடைசியில் நிலாவையும் விட்டுவைக்கவில்லை.

கணவர் இளவரசன் சென்னையிலிருந்து ஒரு வெப்பமானி வாங்கி வந்தார். கதவருகே மாட்டியபோது அது கம்மியாகக் காட்டியது. ரொட்டி வேகும் நடுத்தட்டில் வைத்த பிறகுதான் உண்மை பேசியது. மற்ற நாட்களில் மூன்றாவது அரோகராவுக்கு முள் இருநூறில் நிற்கும். அடுத்த பௌர்ணமி மாலையும் அங்கேதான் நின்றது. கன்னியம்மாளோ, "மூணு சொல்லியும் சுடலீங்க, கட்டையைப் போடுங்க" என்றார்.

"முள்ளு சரியாத்தானே இருக்குது? எங்க, இன்னொரு தபா சொல்லு" என்றார் இளவரசன்.

வாசலில் கிரிவலக் கூட்டம் அரோகரா போட்டபடி விரைந்துகொண்டிருந்தது. கன்னியம்மாளும் அதே வேகத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தார். முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நெருப்பு நின்ன இடத்துலதாங்க நின்னுது. நான்தான் மாசாமாசம் கூட்டத்தோட ஓடியிருக்கேன்!"

அன்று ரொட்டி பொன்னிறமாக வந்தது. முதல் ரொட்டியை வெளியே எடுத்துப்போய், நிலாவிடம் காட்டி மன்னிப்புக் கேட்டார்.