மூன்று ‘ஓம்’

மூன்று மாதம் தேடி வாசித்துத்தான் முடிவெடுத்தேன். நடுத்தர விலையில், கறுப்பு நிறத்தில், பெல்ட்டில் சுற்றும் ஒரு ரெக்கோர்ட் பிளேயர். வீட்டில் அம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் அதற்காகக் காத்திருக்கின்றன.

இன்று கண்டியில் ஒரு கடையில் அதே பிளேயர் இருந்தது. பெட்டியில் இருந்த விபரங்களை வாசித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார நானா பக்கத்திலிருந்த சிவப்பு பிளேயரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ளயே ஸ்பீக்கர் ஈக்குது சேர்.”

“ஓம்.”

“சூட்கேஸ் மாதிரி தூக்கிட்டுப் போக ஏலும்.”

“ஓம்.”

“அப்ப இதையே பெக் பண்றேன்.”

“ஓம்.”

யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் ‘ஓம்’ பாதி நேரம் ‘காதில் விழுகிறது’ என்பதற்குத்தான். நான் நிமிர்ந்தபோது சிவப்பைப் பொதி செய்து கயிறும் கட்டியிருந்தார். எனக்கு பிளேன்டீயும் வந்திருந்தது. அதைக் குடித்த வாயால் எப்படி வேண்டாம் என்பது?

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.

“தையல் மெஷினா தம்பி?” என்று பக்கத்து சீட் அம்மா கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

தைக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.