திறக்காத ரிப்போர்ட்

திண்டிவனத்தில் சின்னதாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கிறேன். லினக்ஸ் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் போடும் புரோகிராமை, துபாயிலிருக்கும் தம்பி பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதித் தந்திருந்தான். ஒருநாள் காலை பைத்தானைப் புது வெர்ஷனுக்கு மாற்றினேன். அதோடு புரோகிராம் திறக்கவே இல்லை. முடிவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

மயிலத்துக்காரர் ஒருவர் வந்தார். "வீட்டம்மாவ விழுப்புரத்துல ஆபரேஷனுக்குச் சேத்துருக்கேன். நேத்து இங்க எடுத்த அவ ரத்த ரிப்போர்ட்ட ஜல்தியா குடும்மா."

தம்பிக்குப் போன் செய்தேன். "பழசுக்குப் போட்ட பேக்கேஜ், அதான் துணை புரோகிராம், எதுவும் புதுசுல ஓடாதுக்கா. எல்லாத்தையும் மறுபடி போடணும்" என்றான். இன்டர்நெட்டோ ஊர்ந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கினு இருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. கடைசியில் வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

அங்கே மறுபடி ரத்தம் எடுத்ததில் ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனதாம். நல்லவேளை, அந்த அம்மா பிழைத்தார்.

இப்போதெல்லாம் வேறு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை. டெஸ்ட் முடிந்த கையோடு ரிப்போர்ட்டை அச்சடித்தும் விடுகிறேன்.