லேசான கல்லும் கல்யாண வீட்டுச் சுவரும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். புதுவாயலுக்கு உள்ளே ஒரு கம்பெனிக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்தோம். சைட் இன்ஜினியர் நான். அடியில் களிமண், காலை வைத்தால் முழங்கால்வரை இழுக்கும். அதன்மேல் ஆள் உயரத்துக்குக் கிராவல் கொட்டச் சொல்லி மேலே இருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கனம் தாங்காமல் களிமண் அமுங்கியது, சாலையோரத்து வீட்டையும் சேர்த்து இழுத்தது. சுவரில் விரல் நுழையும் விரிசல்.

நெல் பயிரிடும் குடும்பத்தின் வீடு அது. தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம், அந்த வாசலிலேயே பந்தல். சுவர் விழுந்துவிடுமோ என்று சொந்தக்காரர்கள் மண்டபத்துக்கு மாற்றச் சொன்னார்கள். பெண்ணின் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஊடு நிக்குமா நிக்காதா, அத்த மட்டும் சொல்லு."

"நிக்கும்மா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன். கிராவலை அள்ளிவிட்டு, சூளையில் உப்பச் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்பினால் கனம் பாதிகூட இருக்காது. கான்ட்ராக்டர் குதித்தார். "சீடை மாதிரி கீது, இதும்மேல லாரி ஓடுமா மேடம்?" ஓடும் என்றேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

மேலே இருந்தவர்கள் கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டு, முதல் லோடு வந்ததும் ஒரு பிடி உருண்டையை அந்த அம்மாவின் தண்ணீர் அண்டாவில் போட்டுக் காட்டினேன். "இன்னாமா இது, கல்லு மெதக்குது!" என்று சிரித்தார். அப்புறம் அவர் கேள்வியே கேட்கவில்லை. இன்ஜினியரம்மா சொன்னால் சரிதான் என்று சொந்தக்காரர்களின் வாயையும் அடைத்துவிட்டார்.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருந்தேன். சுவர் அசைந்தால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும். பொங்கல் லீவு முடிந்து போனால் கண்ணாடியைக் காணோம். விரிசலைச் சிமெண்டால் பூசி, சுவர் முழுக்க வெள்ளையடித்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாளைக்கு அது ஒடஞ்சா? கல்யாண ஊட்ல ஒடஞ்ச கண்ணாடி இருக்கலாமாமா?" என்றார் பெண்ணின் அம்மா.

சரி, இனி அந்த வெள்ளைப் பூச்சுதான் எனக்குக் கண்ணாடி. சுவர் அசைந்தால் அதில் கீறல் விழும்.

கல்யாணத்துக்குள் சாலை முடிந்து லாரிகளும் ஓட ஆரம்பித்திருந்தன. பந்தியில் அந்த அம்மாவே எனக்குச் சாம்பார் ஊற்றினார். "நீ சொன்ன பெறவு பயமே இல்ல கண்ணு" என்றார். அந்த நேரம் பார்த்து, இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. நான் சட்டென்று சுவரைப் பார்த்தேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி கடந்துபோனது. சுவரில் ஒரு கோடு இல்லை.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "டெய்லி எயுந்த ஒடனே மொதல்ல இந்த சொவுத்ததான் பாப்பேன்" என்றார் மெதுவாக.

"நானும்தாம்மா" என்றேன்.